வேர்ட்பிரஸ், ஷாப்பிஃபை, கையால் எழுதும் தளம், ஏஐ: சிறு வலை நிறுவனத்தின் கணக்கு

கோயம்புத்தூரில் ஒரு சிறிய வலைத்தள நிறுவனத்தைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் மூன்று வகை. பம்பு, மோட்டார், வெட் கிரைண்டர் செய்யும் தொழிற்கூடக்காரர் ஒருவர். திருப்பூர்ப் பின்னலாடை ஏற்றுமதியாளர் இன்னொருவர். இன்ஸ்டாகிராமில் புடவையோ செக்கு எண்ணெயோ விற்றுப் பழகி, இனித் தனிக் கடை வேண்டும் என்று கிளம்பியவர் மூன்றாமவர். மூவரும் முதலில் கேட்பது விலையைத்தான். நான் முதலில் கேட்பது, தளம் ஓடத் தொடங்கி மூன்றாம் ஆண்டில் அதை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதை. எந்தத் தொழில்நுட்பத்தில் கட்டுவது என்ற முடிவு அந்தப் பதிலிலிருந்து வர வேண்டும் என்பது என் கட்சி. இணையத்தில் கிடைக்கும் ஒப்பீடுகளோ வசதிப் பட்டியலில் ஆரம்பித்து வசதிப் பட்டியலிலேயே முடிந்துவிடுகின்றன.

வேர்ட்பிரஸ்: ஆள் கிடைக்கும், ஆனால் ஆள் வேண்டும்

2003-இல் மாட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் பி2 என்ற பழைய வலைப்பதிவு மென்பொருளிலிருந்து கிளைபிரித்து உருவாக்கியது வேர்ட்பிரஸ். இன்று உலக வலைத்தளங்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் அதில் ஓடுகின்றன. சிறு நிறுவனத்துக்கு இதனால் கிடைக்கும் பெரிய லாபம், வேலை தெரிந்த ஆள் எப்போதும் கிடைப்பார் என்பது. கல்லூரி முடித்து வரும் பையனுக்கு, வேர்ட்பிரஸில் பக்கங்களை இழுத்துப் போட்டுக் கட்டும் எலிமென்டர் தெரிந்திருக்கிறது. வாடிக்கையாளருக்கும் அதே லாபம் உண்டு. நாளைக்கு எங்களோடு மனஸ்தாபம் வந்தால், கோப்புகளை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவில் இருக்கும் இன்னொரு நிறுவனத்துக்குப் போய்விடலாம்.

சிக்கல் பிளகின்களில், அதாவது தளத்துக்குக் கூடுதல் வசதி சேர்க்கும் துணை மென்பொருள்களில், இருக்கிறது. படிவத்துக்கு ஒன்று, தேடுபொறிக்கு ஒன்று, வேகத்துக்கு ஒன்று, பாதுகாப்புக்கு ஒன்று, காப்புப் பிரதிக்கு ஒன்று என்று ஒரு சாதாரணத் தளத்திலேயே பதினைந்து சேர்ந்துவிடும். ஒவ்வொன்றையும் வெவ்வேறு ஆள் எழுதியிருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் தனி அப்டேட். வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட நிரல்மொழியான பிஎச்பியின் 7.4 பதிப்புக்கான ஆதரவு 2022 நவம்பரில் முடிந்து, தளங்களுக்குச் சர்வர் இடம் தரும் ஹோஸ்டிங் நிறுவனங்கள் ஒவ்வொன்றாக 8-க்கு மாற்றியபோது, பழைய தீம்களில் (தளத்துக்குத் தோற்றம் தரும் ஆயத்த வடிவமைப்புகளில்) இருந்த தளங்கள் வெள்ளைத் திரையைக் காட்டின. அதைவிடக் கொடுமை, ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கத் திருட்டுத் தீம் போட்ட தளங்கள். கூகுளில் தன் நிறுவனப் பெயரைத் தேடிய பம்பு முதலாளிக்கு, தன் தள முகவரியின் கீழேயே ஜப்பானிய மொழியில் கைப்பை விளம்பரம் வரிசையாக வரும். இந்த ஊடுருவல் உலகம் முழுக்கப் பரவலானது. கூகுளே இதைச் சரிசெய்யத் தனி வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது.

ஆகவே வேர்ட்பிரஸ் என்றால் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், அதாவது ஏஎம்சி, கட்டாயம். லிஃப்டுக்கும் ஏசிக்கும் மறுபேச்சில்லாமல் ஏஎம்சி கட்டுகிறவர், தளத்துக்கு என்றால் "நன்றாகத்தானே ஓடுகிறது, எதற்கு?" என்பார். அந்த வாதத்தில் தோற்கும் நிறுவனம் வேர்ட்பிரஸ் தளம் செய்து தரக் கூடாது. பணம் வாங்காமலே இரவு பதினொரு மணிக்கு அதைச் சரிசெய்ய வேண்டிவரும்.

2024 செப்டம்பரில் முல்லன்வெக்குக்கும் டபிள்யூபி எஞ்சின் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்துக்கும் வெடித்த சண்டையையும் இங்கே சொல்ல வேண்டும். முல்லன்வெக்கின் கட்டுப்பாட்டில் இருக்கும், அப்டேட்டுகளும் பிளகின்களும் வந்து சேரும் வேர்ட்பிரஸ்.ஆர்க் தளத்தின் வழியான அப்டேட்டுகள் அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுக்குத் தடைபட்டன. அடுத்த மாதம் அவர்களுடைய புகழ்பெற்ற ஒரு பிளகினின் பக்கத்தையே வேர்ட்பிரஸ்.ஆர்க் எடுத்துக்கொண்டு வேறு பெயர் வைத்தது. டிசம்பரில் கலிஃபோர்னிய நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்த பிறகுதான் பழைய நிலை திரும்பியது. நிரலை யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்னும் திறந்த மூலம் என்றால் யாருடைய பிடியும் இல்லை என்று நம்பியிருந்த எங்களைப் போன்றோருக்கு அது ஒரு உலுக்கல். ஆனாலும் அத்தனை களேபரத்திலும் தளங்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன, கோப்புகள் அவரவர் சர்வரில் இருந்ததால்.

ஷாப்பிஃபை: இரண்டு சதவீதத்தின் வலி

கனடாவின் ஒட்டாவாவில் பனிச்சறுக்குப் பலகை விற்கத் தொடங்கியவர்கள், தங்கள் கடைக்காக எழுதிய மென்பொருளையே 2006-இல் பிறருக்கு வாடகைக்கு விடத் தொடங்கினார்கள். அதுதான் ஷாப்பிஃபை. சர்வர், அப்டேட், பாதுகாப்பு எதுவும் நம் தலைவலி இல்லை. தீபாவளிக்கு முந்தைய வாரம் வூகாமர்ஸ் (வேர்ட்பிரஸில் கடை நடத்த உதவும் பிளகின்) கடை வைத்திருக்கும் வாடிக்கையாளர்களின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தாலே எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவோம். மலிவான பகிர்வு ஹோஸ்டிங்கில் ஐந்நூறு பேர் ஒரே நேரத்தில் கூடைக்குள் புடவை போட்டால் என்ன ஆகும் என்று தெரியும். ஷாப்பிஃபை கடைக்காரர் அந்த வாரம் எங்களை அழைப்பதே இல்லை.

பணக் கணக்குக்கு வருவோம். ஷாப்பிஃபையின் சொந்தக் கட்டணச் சேவை இந்தியாவில் இல்லை. அதனால் ரேசர்பே போன்ற வெளிக் கேட்வேயைத்தான், அதாவது அட்டை, யுபிஐ பணத்தை வாங்கித் தரும் சேவையைத்தான், இணைக்க வேண்டும். அப்படி இணைத்தால் அடிப்படைத் திட்டத்தில் ஷாப்பிஃபை தனியாக 2% எடுத்துக்கொள்ளும். கேட்வே எடுப்பது வேறு. அது எந்தத் தளமானாலும் உண்டு என்பதால் அதை விட்டுவிடுவோம். மாதம் 50,000 ரூபாய் இணையத்தில் வாங்குகிற கடைக்கு அந்த 2% என்பது ஆயிரம் ரூபாய். வூகாமர்ஸுக்கு நல்ல சர்வரும் எங்கள் பராமரிப்பும் சேர்ந்தால் அந்த விலைக்கு வராது. மாதம் ஐந்து லட்சம் வந்தால் 10,000. ஆண்டுக்கு 1,20,000, சந்தா தனி. இப்போது வூகாமர்ஸ் தெளிவாக மலிவு. விற்பனை இன்னும் ஏறினால் மேல் திட்டத்துக்குப் போகலாம். அங்கே சதவீதம் குறையும், சந்தா கூடும். ஆக, புதிதாகத் தொடங்குகிறவருக்கு ஷாப்பிஃபை நல்லது. நடுவில் நிற்பவருக்குத்தான் வலி. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டினால் பத்து நிமிடத்தில் முடிவாகிவிடும். எங்கள் துறையில் பலர் காட்டுவதில்லை, காரணமும் ஊரறிந்தது: வூகாமர்ஸில் நிறுவனத்துக்கு ஏஎம்சி வரும், ஷாப்பிஃபையில் வருவது சொற்பம்.

வாடகை வீடு என்பதை மறக்காமல் இருந்தால் போதும். பொருள், ஆர்டர், வாடிக்கையாளர் பட்டியல் மூன்றையும் கோப்பாக இறக்கிக்கொள்ள ஷாப்பிஃபை விடுகிறது. வடிவமைப்பு வேறு இடத்தில் ஓடாது. விக்ஸ் என்ற இன்னொரு வாடகைச் சேவையில் தளத்தையே வெளியே எடுத்துப் போக முடியாது, அதனால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. கூகுள் பிசினஸ் புரொஃபைலில் இலவசமாகக் கிடைத்த குட்டித் தளங்களை 2024 மார்ச்சில் கூகுள் மூடியபோது, அதையே விசிட்டிங் கார்டில் அச்சடித்து வைத்திருந்த கடைக்காரர்கள் திண்டாடினார்கள். ஜோஹோ புக்ஸ் என்ற கணக்கு மென்பொருளில் ஏற்கெனவே கணக்கு எழுதுகிறவராக இருந்தால் அதே சென்னைக்காரர்களின் இணையக் கடைச் சேவையான ஜோஹோ காமர்ஸையும் பார்க்கச் சொல்வேன். தீம் தேர்வு குறைவு, ஆனால் கணக்குப் பிள்ளைக்கு வேலை மிச்சம்.

கையால் எழுதும் தளம்

ஏற்றுமதியாளருக்கும் பம்பு தொழிற்சாலைக்கும் பெரும்பாலும் வேண்டியது பத்துப் பக்கம், ஒரு பிடிஎஃப் பட்டியல், ஒரு விசாரணைப் படிவம். ஆண்டுக்கு இரண்டு முறை மாற்றுவார்கள். ஐரோப்பிய வாங்குநர் வந்து பார்ப்பது ஜிஓடிஎஸ், ஓக்கோ-டெக்ஸ் என்ற துணித் தரச் சான்றிதழ்கள் இருக்கின்றனவா என்பதை. இதற்கு எதற்குத் தரவுத்தளம்? ஆஸ்ட்ரோ என்ற தளம் கட்டும் கருவியிலோ வெறும் எச்டிஎம்எல்லிலோ எழுதி, கிளவுட்ஃபிளேர், நெட்லிஃபை போன்ற ஹோஸ்டிங் சேவைகளில் போட்டால் ஹோஸ்டிங் செலவு பெரும்பாலும் பூஜ்யம். உள்ளே நுழைய லாகின் பக்கமே இல்லாததால் ஜப்பானியக் கைப்பையும் வராது. முதன்மை உள்ளடக்கம் இரண்டரை விநாடிக்குள் தெரிய வேண்டும், தொட்டால் 200 மில்லிவிநாடிக்குள் பதில் வர வேண்டும் என்ற கூகுளின் அளவுகோல்களில் இவை மெனக்கெடாமல் தேறிவிடும்.

இதன் பலவீனம் மனிதர்கள். தொலைபேசி எண்ணை மாற்றக்கூட வாடிக்கையாளர் எங்களுக்கு வாட்ஸ்அப் அனுப்ப வேண்டும். எங்களிடமும் அதைத் தெரிந்தவர் ஒருவரோ இருவரோதான். இரண்டு ஆண்டு பழக்கிய பிறகு பெங்களூரிலிருந்து இரண்டு மடங்கு சம்பளத்துக்கு அழைப்பு வரும். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவர் போனபின் அந்தத் தளம் அநாதை. அதனால் சொந்தமாகக் கட்டமைப்பு கண்டுபிடிக்கத் துடிக்கும் திறமைசாலியைக் கொஞ்சம் அடக்கித்தான் வைக்க வேண்டியிருக்கிறது. சலிப்பூட்டும் எளிய நிரலும் ஒரு பக்கக் குறிப்பும் இருந்தால் அடுத்தவர் பிடித்துக்கொள்வார்.

வாடிக்கையாளரே ஏஐயில் கட்டிக்கொண்டு வந்தால்

வேண்டியதைச் சாதாரண வார்த்தையில் சொல்லி ஏஐயை நிரல் எழுதவைப்பதற்கு, 2025 பிப்ரவரியில் ஏஐ ஆய்வாளர் ஆந்த்ரே கர்பாதி "வைப் கோடிங்" என்று பெயர் வைத்ததிலிருந்து இது வேகம் பிடித்தது. லவபிள், போல்ட், வி0 போன்ற கருவிகளில் நாலு வரி தட்டினால் பார்க்க லட்சணமான முகப்பு வந்துவிடுகிறது. வாடிக்கையாளர் அதைக் கைப்பேசியில் காட்டி, "தொண்ணூறு சதவீதம் முடிந்துவிட்டது, மீதியை முடிக்க எவ்வளவு?" என்று கேட்கிறார். அந்த மீதியில்தான் கட்டணம், ஜிஎஸ்டி பில், கூரியர், படிவம் போய்ச் சேரும் மின்னஞ்சல் எல்லாம் இருக்கின்றன.

கேலி செய்ய இதைச் சொல்லவில்லை. முதல் சந்திப்பிலேயே மாதிரியைக் காட்டிப் பேசுவதற்கு இதைவிட நல்ல கருவி இல்லை. முன்பு வாரக்கணக்கில் போன வடிவமைப்புத் திருத்தங்கள் சுருங்கியிருக்கின்றன. ஆனால் உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும். லவபிளில் கட்டிய பல தளங்களில் சூபாபேஸ் தரவுத்தளத்தின் அணுகல் விதிகள் சரியாக இல்லாமல் பயனர் விவரங்கள் வெளியே திறந்து கிடந்ததைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் 2025-இல் வெளிப்படுத்தினார்கள். விற்பனைப் பக்கம் ஒன்றுக்கு, பத்து நாள் கண்காட்சிக்கு, இந்த வழி தாராளம். வாடிக்கையாளரின் முகவரியும் போன் எண்ணும் சேரும் தளத்தை, நிரல் படிக்கத் தெரிந்த ஒருவர் பார்க்காமல் நான் வெளியிடமாட்டேன். வேதனை வேறு இடத்தில் இருக்கிறது: வடிவமைப்பை எச்டிஎம்எல்லாக மாற்றும் வேலையில்தான் புதியவர்கள் கை பழகினார்கள். அந்த வேலையை இப்போது கருவி செய்கிறது. நாளை தவறைக் கண்டுபிடிக்கும் மூத்தவர் எங்கிருந்து வருவார் என்பதற்கு எங்கள் அலுவலகத்தில் யாரிடமும் பதில் இல்லை.

எந்த வழியானாலும் தப்பாத இரண்டு

ஒன்று, உள்ளடக்கம். தாமதத்துக்குக் காரணம் தொழில்நுட்பமாக இருப்பது அபூர்வம். படங்கள் வாட்ஸ்அப்பில் நசுங்கி வரும். தமிழ் வாசகங்கள் அச்சகத்திலிருந்து பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் வரும். யூனிகோடுக்கு மாற்றினால் கொம்பும் புள்ளியும் இடம் மாறி நிற்கும், உட்கார்ந்து திருத்த வேண்டும். கொட்டேஷனில் இதற்குத் தனி வரி போடுங்கள்.

இன்னொன்று, வேலை முடிந்தும் வராமல் நிற்கும் பேலன்ஸ் தொகை. குறு, சிறு தொழில்களுக்கு அரசு தரும் உத்யம் பதிவு எண்ணை பில்லில் அச்சிட்டால் பயன் உண்டு. குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தராத தொழில் நிறுவனம், அந்தச் செலவைப் பணம் கொடுக்கும் ஆண்டில்தான் வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியும் என்கிறது வருமான வரிச் சட்டம். மார்ச் மாதத்தில் அவர்களுடைய ஆடிட்டரே நமக்காக நினைவுபடுத்துகிறார்.

டொமைனை மட்டும் முதல் நாளே வாடிக்கையாளர் பெயரில், அவர் மின்னஞ்சலில், அவர் அட்டையில் பதிந்துவிடுகிறோம். பழைய நிறுவனம் டொமைனைப் பிடித்து வைத்திருப்பதால் நகர முடியாமல் எங்களிடம் வருகிறவர்கள் நிறைய. அவர்களிடம் மேலே சொன்ன நான்கில் எதைப் பேசியும் பிரயோஜனம் இல்லை. முதலில் அந்தப் பாஸ்வேர்டை வாங்க வேண்டும்.