1794 டாலரா, 1804 டாலரா?

அமெரிக்காவின் பழைய வெள்ளி நாணயங்களில் சேகரிப்பாளர்கள் உச்சத்தில் வைப்பது இந்த இரண்டு ஆண்டுகள் பொறித்த டாலர்களையும்தான்.

1794 டாலர் அந்த நாட்டு அரசு வெளியிட்ட முதல் வெள்ளி டாலர். அந்த ஆண்டு அக்டோபரில் பிலடெல்பியா நாணயசாலையிலிருந்து 1,758 நாணயங்கள் வந்தன. அச்சு இயந்திரத்துக்கு இவ்வளவு பெரிய நாணயத்தை அடிக்கும் வலு இல்லை. அதனால் பலவற்றில் இடது ஓரத்து நட்சத்திரங்கள் மங்கலாகவே விழுந்திருக்கும். அச்சடிக்கும் முன், எடை கூடிய வெள்ளி வில்லைகளை அரத்தால் ராவிய கோடுகளும் சிலவற்றில் தெரியும். மிக நல்ல நிலையில் இருந்த ஒன்று 2013-இல் ஒரு கோடி டாலருக்கு மேல் விலைபோனது.

1804 டாலரின் கதை வேறு. அந்த ஆண்டு அடித்த டாலர்களில் பழைய ஆண்டுதான் இருந்தது. 1804 என்று பொறித்தவை 1834 வாக்கில், சயாம் (இன்றைய தாய்லாந்து) மன்னர், மஸ்கட் சுல்தான் போன்றோருக்குப் பரிசளிக்கத் தயாரானவை. பிறகு நாணயசாலை ஊழியர்கள் சேகரிப்பாளர்களுக்காக இன்னும் சில அடித்தார்கள். எண்ணிக்கையில் இதுதான் அரிது. பளபளப்பும் அழகும் இதற்கே அதிகம். 2021-இல் ஒன்று 76.8 லட்சம் டாலருக்குப் போனது.

ஆனாலும் என் ஓட்டு 1794-க்குத்தான். அது சந்தையில் செலவாவதற்காகப் பிறந்த காசு, கை மாறித் தேய்ந்த காசு.