ஸ்மித் அண்ட் வெசன் 3913: இடுப்பில் ஒரு பழைய பிஸ்டல்

டெக்சாஸில் எந்தத் துப்பாக்கிக் கடைக்குப் போனாலும் கண்ணாடிப் பெட்டி முழுக்க பிளாஸ்டிக் பாடி வைத்த, வெளியே ஹேமர் (தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தி) இல்லாத ஸ்ட்ரைக்கர் பிஸ்டல்கள்தான். பழைய சரக்கு என்று ஒதுக்கிய மூலையில் எப்போதாவது ஒரு ஸ்மித் அண்ட் வெசன் 3913 கிடக்கும். நான் இடுப்பில் வைத்துக்கொள்வது அதைத்தான். புதுசு எதற்கும் மாற்றிக்கொள்கிற எண்ணம் இல்லை. ஆனால் எல்லாரும் வாங்குங்கள் என்றும் சொல்ல மாட்டேன்.

இந்த எண்ணைப் பிரித்துப் படிக்கலாம். 39 என்றால் 9 மி.மீ., மேகசினில் (கைப்பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி) தோட்டாக்கள் ஒற்றை வரிசை. 1 என்றால் கச்சிதமான அளவு. கடைசி 3 என்றால் அலுமினிய பிரேம் (கைப்பிடி உள்ள அடிப்பகுதி), ஸ்டெயின்லெஸ் ஸ்லைடு (சுடும்போது பின்னால் போய் வரும் மேல்பகுதி). மூதாதை மாடல் 39, 1950-களின் நடுவில் வந்தது, ஜெர்மனியின் வால்தர் பி38 பாணியில். 1967-இல் இல்லினாய் மாநிலப் போலீஸ் ரிவால்வரை விட்டு அதற்கு மாறியது. 80-களின் கடைசியில் வந்த மூன்றாம் தலைமுறையில் பிறந்ததுதான் 3913. அப்புறம் ஆஸ்திரியாவின் குளோக் பிஸ்டல் வந்து போலீஸ் சந்தையை அள்ளிக்கொண்டு போய்விட்டது, கம்பெனியும் இந்த வரிசையையே நிறுத்திவிட்டது.

கையில் எடுத்தால் காலியாக 700 கிராம் சொச்சம். மேகசினில் 8, சேம்பரில் (குழலின் அடியில் தோட்டா சுடத் தயாராக இருக்கும் அறை) 1. இன்றைக்கு இதைவிடச் சின்ன பிஸ்டலில் இதைவிட அதிகம் போடலாம், அது உண்மைதான். ஆனால் இது தட்டை. சட்டைக்குள் இருப்பது வெளியே தெரியாது, ஹேமரின் வாலையும் வெட்டிவிட்டிருப்பதால் துணியில் மாட்டாது.

முக்கியமான விஷயம் டிரிகர். முதல் இழுப்பு நீளமானது, கனமானது, 5 கிலோவை ஒட்டி வரும். சுட்டதும் ஸ்லைடு பின்னால் போய் ஹேமரை நிமிர்த்திவிடும், அதனால் இரண்டாவது இழுப்புக்கு அதில் பாதிகூட வேண்டாம். வலது கைக்காரர்கள் பலருக்கு முதல் குண்டு இடதுபக்கம் கீழே போகும், இரண்டாவது எதிர்பார்ப்பதற்கு முன்னாலேயே கிளம்பிவிடும். ரேஞ்சில் பார்த்திருக்கிறேன், முதல் குண்டைக் கடனே என்று சுட்டுவிட்டு மீதி ஏழையும் லேசான இழுப்பில் ஜாலியாகத் தட்டுவார்கள். பழக வேண்டியதே அந்த முதல் குண்டுதான். இரண்டு சுட்டு, ஸ்லைடில் உள்ள சேஃப்டி லீவரைக் கீழே தள்ளி ஹேமரை இறக்கி, லீவரை மேலே ஏற்றி, மறுபடி இரண்டு. வீட்டில் தோட்டா இல்லாமல் பழகுவதானால் காலி மேகசினை உள்ளே போட்டால்தான் டிரிகர் வேலை செய்யும், ஏனென்றால் மேகசின் இல்லாவிட்டால் சுடாதபடி ஒரு தடை உள்ளே இருக்கிறது. அதை நம்பி "மேகசினைக் கழற்றிவிட்டேன், இனி பயமில்லை" என்று யாராவது சொன்னால் அவர் பக்கத்தில் நிற்காதீர்கள். சேம்பரை விரல் விட்டுப் பார்த்தால்தான் நம்பலாம்.

எனக்கு இது பிடித்துப்போனதற்குக் காரணம் உறைக்குள் செருகும் அந்த ஒரு நொடி. கட்டை விரலை ஹேமரின் மேல் வைத்து அழுத்திக்கொண்டே செருகுவேன். சட்டை நுனியோ கயிறோ டிரிகரில் சிக்கினால் ஹேமர் பின்னால் எழும்பும், அது விரலுக்குத் தெரிந்துவிடும், உடனே நிறுத்திவிடலாம். ஸ்ட்ரைக்கர் பிஸ்டல்கள் பெரும்பாலானவற்றில் இந்த எச்சரிக்கை கிடையாது.

எரிச்சலும் உண்டு. சேஃப்டி லீவர் ஸ்லைடிலேயே இருக்கிறது, கீழே இருந்தால் பூட்டு, மேலே இருந்தால் திறப்பு. அவசரத்தில் ஸ்லைடை மேலிருந்து பிடித்து இழுக்கும்போது உள்ளங்கை லீவரைக் கீழே தள்ளிவிடும், அப்புறம் டிரிகரை இழுத்தால் ஒன்றும் நடக்காது. பெரட்டா 92 வைத்திருப்பவர்களும் இதே புலம்பல்தான். ஸ்லைடின் பின்பக்கத்தை மட்டும் கிள்ளிப் பிடித்து இழுக்கப் பழகினால் சரியாகிவிடும்.

பராமரிப்பு பெரிய வித்தையில்லை, பொறுமை வேண்டும். கழற்றுவது சுலபம், திரும்பப் பூட்டும்போது பிரேமுக்குள் நிமிர்ந்து நிற்கும் எஜெக்டரையும் (சுட்ட தோட்டாவின் கூட்டை வெளியே தள்ளும் துண்டு) பக்கத்துச் சின்ன லீவர்களையும் விரலால் அமுக்கிக்கொண்டுதான் ஸ்லைடை நுழைக்க வேண்டும், முரட்டுத்தனமாகத் தள்ளினால் அவை வளையும். ஸ்லைடு ஓடும் அலுமினிய ரெயிலுக்கு எண்ணெயைவிட மெல்லிய கிரீஸ் பூச்சு நல்லது. ஸ்டெயின்லெஸ் என்று நம்பி விட்டுவிடாதீர்கள், டல்லஸ் வெயிலில் வேர்வை பட்டால் சின்னச் சின்ன எஃகு பாகங்கள் துருப்பிடிக்கும். வாங்கியதும் ஸ்லைடை முன்னால் தள்ளும் ரிகாயில் ஸ்பிரிங்கையும் மேகசின் ஸ்பிரிங்கையும் மாற்றிவிடுங்கள், முன்னால் எத்தனை குண்டு சுட்டார்கள் என்று யாருக்குத் தெரியும். என்னுடையதில் கடைசித் தோட்டாவுக்குப் பிறகு ஸ்லைடு பின்னால் நிற்காமல் முன்னால் வந்துகொண்டே இருந்தது, மேகசின் ஸ்பிரிங் மாற்றியதும் சரியானது. உல்ஃப் கம்பெனி ஸ்பிரிங்குகள் கிடைக்கின்றன. உள் பாகங்கள்தான் தேடி அலைய வைக்கும். உறையும் அப்படித்தான், இதற்கென்று செய்பவர்கள் குறைவு, தோல் வேலை செய்பவரிடம் சொல்லிவைத்துக் காத்திருக்க வேண்டும்.

நம்மவர்கள் அடிக்கடி கேட்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். எச்1பி விசாவில் இருந்தால் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர துப்பாக்கி வாங்கவும் முடியாது, வைத்திருக்கவும் முடியாது. கிரீன் கார்டு இருந்தால் கடையில் 4473 படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்து வாங்கலாம். 2021 செப்டம்பரிலிருந்து டெக்சாஸில் 21 வயதானவர்கள், சட்டத் தடை எதுவும் இல்லாவிட்டால், உரிமம் இல்லாமலே இடுப்பில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் வாசலில் 51% என்று சிவப்பில் எழுதிய பாருக்குள் (வருமானத்தில் பாதிக்கு மேல் மது விற்றே வரும் இடம் என்று அர்த்தம்) கொண்டுபோனால் குற்றம்.

மாதம் ஒரு தடவையாவது ரேஞ்சுக்குப் போக முடியாதவர்கள் இதை விட்டுவிடுவது நல்லது, அந்த முதல் இழுப்பு தானாக வசப்படாது. வாங்குவதாக இருந்தால் கடையிலேயே ஸ்லைடைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். வெளியே உறை உரசிய கீறல் இருந்தால் பரவாயில்லை, ரெயில் தேய்ந்திருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். கூடவே இரண்டு மேகசினாவது தருகிறார்களா என்று பேரம் பேசுங்கள்.