கேமராவா, முள்கம்பியா, நிலக்கடலையா?

மண்ணில் வளை தோண்டி வாழும் பேட்ஜர் என்ற விலங்கைக் கணக்கெடுப்பவருக்கு முதல் தொல்லை, அது பெரும்பாலும் இருட்டிய பிறகுதான் வெளியே வரும். அதைவிடப் பெரிய தொல்லை அதன் முகம். வெள்ளை முகத்தில் இரண்டு கறுப்புப் பட்டைகள், எல்லாவற்றுக்கும் ஒரே அச்சு. புலியைப்போல வரி பார்த்து இது இன்னது என்று சொல்லிவிட முடியாது. தமிழில் வளைக்கரடி என்று பெயர் வைத்துவிட்டோம். உண்மையில் அது கரடிக்கு அல்ல, நீர்நாய்க்குத்தான் நெருங்கிய உறவு.

பிரிட்டனில் பலரும் முதலில் நாடுவது தானியங்கி கேமராவை. பார்ப்பதற்கு அதற்கு இணை இல்லை. பிப்ரவரி வாக்கில் பிறந்த குட்டிகள் வசந்தத்தில் வளைக்கு வெளியே தலைகாட்டுவதும், தாய் புல்கட்டை மார்போடு அணைத்துப் பின்னோக்கி நடந்தே வளைக்குள் இழுத்துப் போவதும் அதில் கிடைக்கும். எண்ணிக்கை மட்டும் கிடைக்காது. பத்து படம் விழுந்தால் பத்து விலங்கா, ஒன்றே பத்து முறை நடந்ததா? வளைகளை எண்ணுவது செலவில்லாத வழி. அதுவும் இதே இடத்தில்தான் சறுக்கும். ஒரு கூட்டத்துக்கு ஒரு தலைமை வளை என்பது சரி, ஆனால் கூட்டத்தில் மூன்றும் இருக்கலாம், இருபதுக்கு மேலும் இருக்கலாம்.

எனக்குப் பிடித்தது கடலை வழி. ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் கழுதைப்புலிகளை ஆராய்ந்துவிட்டு ஆக்ஸ்போர்டு அருகே வைத்தாம் காட்டுக்கு வந்த ஹான்ஸ் குரூக், 1978இல் இதை எழுதி வெளியிட்டார். நிலக்கடலையைச் சர்க்கரைப் பாகில் பிசைந்து, பொடிப்பொடியான வண்ணப் பிளாஸ்டிக் மணிகளைக் கலந்து வளையருகே வைக்க வேண்டும். இந்த வளைக்குச் சிவப்பு, அடுத்ததற்கு நீலம். பேட்ஜர்கள் தங்கள் எல்லையோரம் சிறு குழிகள் தோண்டி, மூடாமல் எச்சமிடும். குழி குழியாகக் குனிந்து எந்த நிறம் எங்கே கிடக்கிறது என்று குறித்துக்கொண்டே போனால், கூட்டங்களின் வேலி வரைபடத்தில் தானே விழுந்துவிடும். எல்லைச் சண்டை சூடுபிடிக்கும் பின்பனியிலும் வசந்தத்திலும் செய்தால்தான் பலன். கௌரவமான வேலை அல்ல. ஆனால் மண்புழு நிறைந்த எந்தப் புல்வெளி யாருக்குச் சொந்தம் என்பதை வளை வாசலில் கட்டிய கேமரா சொல்லாது.

எத்தனை என்ற கேள்விக்கு முள்கம்பிதான் விடை. நடைபாதையின் குறுக்கே, முதுகு உரசும் உயரத்தில் ஒற்றைக் கம்பி. அதில் சிக்கும் முடியின் வேரிலிருந்து மரபணு எடுத்தால் ஒவ்வொரு விலங்கையும் தனித்தனியே பிரிக்கலாம். ஆய்வகச் செலவுதான் கையைக் கடிக்கும்.

கூண்டு வைத்துப் பிடித்து, மயக்கி, பச்சை குத்தி விடுவது கடைசி வழி. பேட்ஜருக்கும் தொற்றும் மாட்டுக் காசநோய் பற்றிய கேள்விக்கு இரத்தமும் சளியும் தேவை என்பதால் குளோஸ்டர்ஷயரின் உட்செஸ்டர் பூங்காவில் அப்படிச் செய்கிறார்கள். 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் இல்லாமல் பேட்ஜரைப் பிடிப்பதும் வளையைக் குலைப்பதும் குற்றம். தன்னார்வலர்கள் இந்தப் பக்கமே போக வேண்டாம்.

அவர்களுக்கு நான் சொல்வது, கேமராவைக் கட்டுமுன் பக்கத்துத் தோட்ட வேலியை ஒரு சுற்று பாருங்கள். கம்பியின் அடியில் முரட்டு முடி தொங்கினால் எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டுங்கள். அடியும் நுனியும் வெளிறி நடுவே கறுத்து, வழுக்கி உருளாமல் தடுக்கித் தடுக்கிப் புரண்டால் அது பேட்ஜர் முடி. அதன் குறுக்குவெட்டு வட்டமில்லை, நீள்வட்டம்.