ரூ.85,000 போச்சு: லேப் இமேஜிங் வேலையை ஆன்லைனில் கொடுக்கப்போகிறவர்கள் படியுங்கள்

ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். 85,000 ரூபாய். கல்லூரிப் பணம் இல்லை, என் கைப்பணம்.

கோவைப் பக்கம் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேப் ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) என்னுடையது. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14-ஓடு சப்போர்ட் நின்றதால் எல்லாவற்றையும் 11க்கு மாற்றச் சொன்னார்கள். மூன்று மாடல் மெஷின்கள். ஒவ்வொன்றிலும் பென்டிரைவ் செருகி மாளாது என்று கான்ஃபிகரேஷன் மேனேஜர் (நாம் எஸ்சிசிஎம் என்போமே, அதுதான்; ஒரு இமேஜை, அதாவது தயாராக்கிய விண்டோஸ் நகலை, நெட்வொர்க் வழியாக எல்லா மெஷினிலும் இறக்கும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள்) போட உட்கார்ந்தேன். இன்ஸ்டால் ஆவதற்கு முந்தைய செக்கிலேயே சிவப்புக் குறி. ஃப்ரீலான்ஸ் ஆள் பிடித்துத் தரும் ஒரு ஆன்லைன் தளத்தில் ஐந்து ஸ்டாரோடு ஒருவர் கிடைத்தார். நம்ம ஊர்க்காரர்தான்.

ரிமோட்டில் வந்து லாகைத் திறந்த வேகத்தில், "அண்ணா, எஸ்கியூஎல் கொலேஷன் தப்பு, அதான் ஏத்துக்க மாட்டேங்குது" என்றார். எஸ்கியூஎல்லை (அந்த மென்பொருளின் டேட்டாபேஸ்) எடுத்துவிட்டுச் சரியான கொலேஷனில் (எழுத்துகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் அமைப்பு) திரும்பப் போட்டார். எல்லாம் பச்சை. அடுத்து ஒரு மாடலில் நெட்வொர்க் பூட் (நெட்வொர்க் வழியாகவே மெஷினைத் தொடங்குவது) கொடுத்து, என் கண் முன்னாலேயே விண்டோஸ் 11 லாகின் திரை வரை கொண்டுவந்தார். இவ்வளவு தெரிந்த ஆளை யார்தான் நம்ப மாட்டார்கள்? "மத்த ரெண்டு மாடலும் நாளைக்கு இதே மாதிரி இறங்கிடும். பேமென்ட் மட்டும் ரிலீஸ் பண்ணிடுங்க அண்ணா, மாசக் கடைசி" என்றார். 85,000-ம் போனது.

மறுநாள் மற்ற இரண்டு மாடலும் "நெட்வொர்க் கனெக்‌ஷன் தயாராகிறது" என்ற வரியில் நின்று, தானாக ரீஸ்டார்ட் ஆகின. கேட்டால், "உங்க சுவிட்சைப் பாருங்க." அப்புறம், "டிஎச்சிபில 66, 67 ஆப்ஷன் போடுங்க." டிஎச்சிபி என்பது மெஷின்களுக்கு ஐபி முகவரி கொடுக்கும் சர்வீஸ். அந்த ஆப்ஷன் பூட் ஃபைல் எங்கே என்று காட்டுவதற்கு, இங்கே பூட் இமேஜ்தான் (விண்டோஸ் இறங்கும் முன் ஓடும் சின்ன விண்டோஸ்) ஏற்கெனவே இறங்கிவிட்டதே! எஃப்8 அழுத்திக் கமாண்ட் விண்டோவில் பார்க்கலாம் என்றால் அதை ஆன் செய்யாமலேயே விட்டிருக்கிறார். நானே ஆன் செய்து, பூட் இமேஜைத் திரும்ப அனுப்பி, ஐபி முகவரியைக் காட்டும் ஐபிகான்ஃபிக் கமாண்டை அடித்தேன். காலி. அந்த மாடல்களின் நெட்வொர்க் டிரைவரைப் பூட் இமேஜில் சேர்க்கவே இல்லை.

இதைவிடக் கொடுமை, இறங்கிய மாடலில் இருந்தது. விண்டோஸின் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் "ஆட்டோகேஎம்எஸ்" என்று சிவப்பில் கத்துகிறது. திருட்டு ஆக்டிவேஷன்! கல்லூரியிடம் முறையான லைசென்ஸ் இருக்கிறது. யூசர்ஸ் ஃபோல்டரைத் திறந்தால் வேறு ஏதோ கம்பெனி ஆட்களின் பெயர்கள். அட்மின் உரிமையோடு எனக்குத் தெரியாத ஒரு அக்கவுண்ட். யாருக்கோ செய்த பழைய இமேஜை, புதிதாகச் செய்ததாகச் சொல்லி என் தலையில் கட்டியிருக்கிறார். மாணவர்கள் உட்காரும் மெஷின் சார் இது!

ஸ்கிரீன்ஷாட் அனுப்பியதும் பிளாக். தளத்தின் ஹெல்ப்டெஸ்கோ, "பேமென்ட் ரிலீஸ் செய்ததால் வேலையை நீங்கள் ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும்" என்று ஒரே பதிலை வெட்டி ஒட்டுகிறது. மேலாளரிடம் பேச வேண்டும் என்றால் டிக்கெட்டையே மூடிவிடுகிறார்கள். 85,000 ரூபாய்க்கு அவர்கள் எடுத்த கமிஷன் மட்டும் இனிக்கிறது.

அவசரமாகச் சில விஷயங்கள். எல்லா மாடலிலும் இறங்கிப் பார்க்காமல் பணத்தை விடாதீர்கள். இமேஜை மைக்ரோசாஃப்ட் தரும் ஐஎஸ்ஓவிலிருந்து (ஒரிஜினல் விண்டோஸ் இன்ஸ்டால் ஃபைல்) உங்கள் முன்னால் செய்யச் சொல்லுங்கள். முதல் மெஷின் இறங்கியதும் லோக்கல் அக்கவுண்ட் பட்டியலைப் பாருங்கள். வேலை முடிந்த அன்றே டொமைன் பாஸ்வேர்டு, ரிமோட் பாஸ்வேர்டு எல்லாம் மாற்றுங்கள். பணம் போனால் உடனே 1930-க்கு (சைபர் மோசடி உதவி எண்) அடியுங்கள், நான் அடித்துவிட்டேன். டிரைவர் விஷயத்தைத் தனியாக எழுதுகிறேன், இப்போது அந்த இமேஜ் ஏறிய மெஷின்களை ஃபார்மேட் அடிக்கப் போக வேண்டும்.