தூக்கத்தை விரட்டும் மூன்று மாத்திரைகள்: எது யாருக்கு?

பகலில் அடக்க முடியாத தூக்கம் வருகிறவர்களுக்கு டாக்டர்கள் எழுதித் தரும் மருந்துகளில் மோடாஃபினில், சோல்ரியாம்ஃபெட்டால், பிட்டோலிசன்ட் மூன்றும் முக்கியமானவை. மூன்றும் விழிப்பைத் தரும். தொல்லை மட்டும் மருந்துக்கு மருந்து வேறு இடத்தில் வரும்.

மோடாஃபினில்தான் மூத்தது. பிரான்சில் உருவாகி, அமெரிக்காவில் 1998-இல் நார்கோலெப்சிக்கு, அதாவது பகலில் திடீர் திடீரென்று தூக்கம் அமுக்கும் மூளை நரம்பு நோய்க்கு, அனுமதி பெற்றது. ஆம்ஃபெட்டமின் என்ற பழைய ஊக்க மருந்து வகைகளை விட இதில் படபடப்பும் அடிமையாகும் அபாயமும் குறைவு. அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். வழக்கமான அளவு காலையில் 200 மில்லிகிராம். உடம்பில் அது பாதியாகக் குறையவே ஏறத்தாழ 15 மணி நேரம் ஆகும். காலை 7 மணிக்குப் போட்டால் இரவு 10 மணிக்கும் பாதி உள்ளே இருக்கும். மதியத்துக்கு மேல் போட்டால் அன்று இரவுத் தூக்கம் போச்சு.

தலைவலி சகஜம். அரிதாக, உயிருக்கே ஆபத்தான தோல் கொப்புளம் வரலாம். தடிப்பு தெரிந்த உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டும். பெண்களுக்கு இன்னொன்றும் உண்டு. கல்லீரலின் நொதிகளை இது முடுக்கிவிடுவதால், கருத்தடை மாத்திரையின் வேலை கெடும். மருந்தை நிறுத்தி ஒரு மாதம் வரை இந்தப் பாதிப்பு நீடிக்கும். கருவில் உள்ள குழந்தைக்குக் குறைபாடு வரலாம் என்ற எச்சரிக்கையும் இருப்பதால், இதைச் சொல்லாமல் மருந்து கொடுப்பது பெரிய தவறு.

கருத்தடை மாத்திரையைக் கெடுக்கும் கவலை இல்லாதது சோல்ரியாம்ஃபெட்டால். மூளையில் விழிப்பைத் தூண்டும் டோபமின், நார்எபிநெஃப்ரின் என்ற ரசாயனங்களைக் கூட்டி வேலை செய்கிறது. ஏழு மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஆனால் ரத்த அழுத்தத்தையும் நாடித் துடிப்பையும் ஏற்றும். பெரும்பகுதி சிறுநீரகம் வழியாகவே வெளியேறுவதால், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும்.

பிட்டோலிசன்ட் போகும் வழியே வேறு. பழைய வகை அலர்ஜி மாத்திரை போட்டால் தூக்கம் சொக்குகிறதே, அது மூளையில் விழிப்பைத் தரும் ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தைத் தடுப்பதால். பிட்டோலிசன்ட் அதே ஹிஸ்டமினைக் கூட்டுகிறது. அதனால் அந்த மாத்திரையும் இதுவும் ஒன்றாகச் சேரக் கூடாது. அமெரிக்காவில், பழக்கமாகிவிடும் என்ற பயத்தில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துப் பட்டியலில் மற்ற இரண்டும் இருக்கின்றன, இது இல்லை. சிரித்தால் கை கால் துவண்டுபோகும் கேடாப்ளெக்சிக்கும் உதவும். பொறுமை வேண்டும்: முழுப் பலன் தெரிய எட்டு வாரம் கூட ஆகலாம். இதயத் துடிப்பின் சீரில் கோளாறு உள்ளவர்களுக்கு இது ஆகாது. கருத்தடை மாத்திரையையும் பாதிக்கும்.

என்னைக் கேட்டால், கருத்தடை மாத்திரை எடுப்பவருக்கு சோல்ரியாம்ஃபெட்டால் பொருந்தும். ரத்த அழுத்தம் கட்டுப்படாதவர் அதைத் தொட வேண்டாம். முன்பு போதைப் பழக்கம் இருந்தவருக்கு பிட்டோலிசன்ட்.

சரி, நோயே இல்லாதவர் பரீட்சைக்காகவோ வேலைக்காகவோ போடலாமா? வேண்டாம். ஐரோப்பிய மருந்து அமைப்பு 2010-இல் மறுபரிசீலனை செய்து, மோடாஃபினிலை நார்கோலெப்சிக்கு மட்டும் போதும் என்று சுருக்கியது. தோல், மனநலப் பக்கவிளைவுகள்தான் காரணம். தூக்கக் கலக்கத்தை மாத்திரை மறைக்கும், தூங்காத இரவில் மூளை இழந்ததைத் திருப்பித் தராது. படித்தது மனதில் பதிவதே தூக்கத்தில்தான்.

ஸ்லீப் ஏப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு விட்டு விட்டு நிற்கும் நோய், உள்ளவர்களும் கவனிக்க வேண்டும். இந்த மருந்துகள் எதுவும் இரவில் அடைபடும் மூச்சுக்குழாயைத் திறக்காது. பகலில் தெம்பாக இருக்கிறதே என்று காற்றை அழுத்தி மூச்சுக்குழாயைத் திறந்து வைக்கும் சிபேப் கருவியை ஓரம் வைத்தால், ஆக்சிஜன் இரவில் குறைந்துகொண்டேதான் இருக்கும்.