கெப் உயர்த்தி வச்சிருக்கிறவை, சொக் வாங்க முதல் இதை ஒருக்கா வாசியுங்கோ

கோவத்தோடதான் எழுதுறன். ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரம் ரூபா. கெப் வண்டிக்கு நாலு சொக் அப்சோபர், அதுதான் ஆட்டத்தை அடக்குற ஒயில் குழாய், அதுக்குக் குடுத்த காசு. இப்ப அந்த நாலும் எங்கட வீட்டு விறாந்தையில கிடந்து ஒயில் கக்குது. அம்மா கீழ சாக்கு விரிச்சு விட்டிருக்கிறா.

கடையின்ர பேர் போடேல்லை. போட்டா நாளைக்கு லோயர் கடிதம் வரும், அதுக்கும் செலவழிக்க என்னட்டை இப்ப ஒண்டுமில்லை. யாழ்ப்பாண நகரத்துக்குள்ள இருக்கிற ஒரு ஸ்பெயார் பார்ட்ஸ் கடை, முகநூலில நல்லா விளம்பரம் போடுறவை. அவ்வளவு காணும், விளங்கிறவைக்கு விளங்கும்.

என்ரது பழைய ஹைலக்ஸ் டபுள் கெப். முன்னுக்கு ரோர்சன் பார் (முறுக்கம் தாங்குற கம்பி ஸ்பிரிங்), பின்னுக்கு லீஃப் ஸ்பிரிங் (பட்டைப் பிளேட் அடுக்கு). 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டின பிறகு பழசுகளின்ர விலை ஏறின ஏற்றம் எல்லாருக்கும் தெரியும். இப்ப திரும்பத் திறந்துவிட்டும் புதுசு எங்களுக்கு எட்டாது. அதால இருக்கிறதைத்தான் பாத்துப் பாத்து ஓட்டுறம். மருதங்கேணிப் பக்கம் மீன் ஏத்தப் போனால் ஐஸ் பெட்டியளோட மணலுக்கை இறங்கவேணும். அதுக்கெண்டு பின்னுக்கு ஒரு பிளேட் கூடப் போட்டு, முன்னுக்குப் பாரை முறுக்கி, ரெண்டு இஞ்சி உயர்த்தி வச்சிருந்தம். உயர்த்தின நாள் தொடக்கம் பள்ளத்தில விழேக்கை பின்னுக்கு 'டக்' எண்டு ஒரு அடி. 'பின்னுக்கு நீளமான சொக் போடவேணும் தம்பி' எண்டு எங்கட மெக்கானிக் பாஸ் சொன்னவர். அவர் சொன்னது நூத்துக்கு நூறு சரி.

அப்பதான் இந்தக் கடைக்குப் போனன். முதலாளி கதிரை இழுத்துப் போட்டு இருத்தி, பிளேன்ரீ வரப்பண்ணி, எந்த ஊர், ஆற்ற மகன் எண்டெல்லாம் விசாரிச்சவர். ஊரைச் சொன்னதும், 'அட, என்ர மனிசியின்ர ஆக்களும் உந்தப் பக்கம்தான்' எண்டார். பிறகு உள்ள போய் ஒரு பெட்டியை எடுத்து வந்து, ஒரு சொக்கை வெளிய எடுத்து, நிலத்தில குத்தி, முழுப் பாரத்தையும் போட்டுத் தண்டை உள்ள அமத்தினார். கையை விட்டதும் தண்டு தன்ர பாட்டில மெல்ல மெல்ல மேல எழும்பி வந்துது. 'பாத்தியளே தம்பி, உயிரோட இருக்கு. ஜப்பான் காஸ் சொக். ரெண்டு இஞ்சி உயர்த்தின கெப்புக்கெண்டே செய்தது. முன்னுக்கும் பின்னுக்கும் நாலையும் மாத்தினாத்தான் வண்டி சமனா நிக்கும்.'

கறுப்புப் பெயின்ற் பளபளக்குது, ஸ்டிக்கர் புதுசு, பெட்டி புதுசு. நான் ரேட் கேட்க, கல்குலேற்றரில என்னவோ தட்டி, திருப்பி என்ர பக்கம் காட்டினார். 'வேற ஆளெண்டா ரெண்டு லட்சத்துக்குக் குறைய மாட்டன். உங்களுக்கு 184. ஒரு வருசத்துக்கு என்ன நடந்தாலும் நான் பொறுப்பு. பூட்டுறதும் எங்கட கராஜ் பொடியன்தான், கூலி வேண்டாம்.' ஒரு வருச வாறன்ரி, கூலியில்லாமப் பூட்டித் தாறது, ஊர்ச் சொந்தம் வேற. ஆர்தான் மாட்டன் எண்டு எழும்பி வருவினம்? பில்லில 'சொக் 4' எண்டு மட்டும் எழுதி, கீழ காசைப் போட்டு, கீறல் மாதிரி ஒரு கையெழுத்து. கழட்டின பழசுகளை, 'உதை ஏன் கொண்டுபோறியள், நாங்கள் எறிஞ்சு விடுறம்' எண்டு வாங்கி வச்சுக்கொண்டினம். இதை மறக்காதேங்கோ, பிறகு வருவன்.

ரெண்டு கிழமை கூட ஓடேல்லை. அதே மணல் பாதை, அதே ஐஸ் பெட்டி. பின்னுக்கு டக் எண்டு அதே பழைய அடி, அதுக்குப் பிறகு இரும்பு இழுபடுற சத்தம். குனிஞ்சு பாத்தா இடது பின் சொக்கின்ர கீழ்க் கண், அதுதான் பூட்டுற வளையம், வெல்டோட பிஞ்சு அச்சில தொங்குது, குழாய் வேற பக்கம் ஆடுது. வலது பக்கத்துச் சொக்கில தண்டு முழுக்க ஒயில், அதில மணல் அப்பிக் கிடக்குது.

எங்கட பாஸ் நாலையும் கழட்டினார். தன்ர கராஜில கிடந்த ஒறிஜினல் கொம்பனிச் சொக் ஒண்டை, அதே மொடல் கெப்பின்ரதை, எடுத்துப் பக்கத்தில கிடத்தினார். கடை தந்த பின் சொக்கும் அதுவும் ஒரே நீளம். கண்ணுக்குக் கண் அளவு ரேப் பிடிச்சுப் பாத்தம், ஒரு நூல் கூட வித்தியாசமில்லை. பிறகு ஸ்குறூ ட்றைவரால கறுப்புப் பெயின்ற்றைச் சுரண்டினார். கீழ நீலம். நீலத்துக்குக் கீழ கறள். தண்டை வெளிச்சத்தில பிடிச்சுக் காட்டினார்: ஒயிலை அடைச்சு வச்சிருக்கிற சீல் உரசுற இடத்தில குறோம் போய், கடுகு அளவில குழி குழியா. அந்தக் குழி ஒவ்வொரு தரம் ஏறி இறங்கேக்கையும் சீலை அறுக்கும், ஒயில் வெளிய வராம என்ன செய்யும்? ஆற்றையோ வண்டியில இருந்து கழட்டின கொம்பனிச் சொக்குக்குப் பெயின்ற் அடிச்சு, கண் திரும்ப வெல்ட் பிடிச்சு, ஸ்டிக்கர் ஒட்டி, ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரத்துக்கு என்ர தலையில கட்டியிருக்கிறாங்கள். என்ர பழசுகளை ஏன் வாங்கி வச்சவை எண்டு இப்ப விளங்குதே? அதுகளும் எங்கையோ கறுப்பு உடுப்புப் போட்டுக்கொண்டு நிக்கும் எண்டுதான் நினைக்கிறன்.

இன்னும் ஒண்டு கேளுங்கோ, இதுதான் எனக்கு வயித்தெரிச்சல். முன்னுக்கு எனக்கு நீளமான சொக் தேவையே இல்லை. ரோர்சன் பாரை முறுக்கி உயர்த்தினால் வண்டி நிக்கிற உயரம்தான் மாறும். முன் சில்லைப் பிடிச்சிருக்கிற ஆம் மேலையும் கீழையும் போய் முட்டுற றப்பர் அதே இடத்திலதான் இருக்கு, அதால கொம்பனி நீளமே காணும். பின்னுக்குத்தான் கதை வேற. பிளேட் கூட்டினதும் அச்சு கீழ தள்ளிப் போகும். வண்டி சும்மா நிக்கேக்கையே சொக்கின்ர தண்டு கனக்க வெளிய வந்திடும். சில்லு பள்ளத்துக்கை தொங்கேக்கை தண்டுக்கு மிச்சம் ஓட இடமில்லை. முடிஞ்ச இடத்தில அச்சையும் சில்லையும் சொக்தான் பிடிச்சுத் தொங்குது. அந்த 'டக்' அதுதான். ரெண்டு சொக் காணும் எண்ட இடத்தில நாலு வித்து, அந்த ரெண்டும் நீளமில்லாதது. பேய்க்காட்டுறதிலயும் ஒரு அளவில்லையே?

கடைக்குப் போன் அடிச்சன். முதல் நாள், 'முதலாளி கொழும்புக்குப் போட்டார்.' பிறகு, 'கோயில் திருவிழா, ஆள் நிக்கேல்லை.' நேர போனன். அதே கதிரை, ஆனா இந்தமுறை பிளேன்ரீயும் இல்லை, ஊர்ச் சொந்தமும் இல்லை. 'லோட் கூட ஏத்தியிருப்பியள்' எண்டார். அண்ணை, பாரம் தாங்குறது ஸ்பிரிங், சொக் ஆட்டத்தை அடக்குற சாமான் எண்டு சொன்னன். 'அப்ப பூட்டினதில பிழை' எண்டார். பூட்டினது உங்கட பொடியன் எண்டன். 'அவன் இப்ப எங்களோட இல்லை.' வாறன்ரியைக் கேட்டா, 'பில்லில எங்க கிடக்கு, காட்டுங்கோ.' பெயின்ற் சுரண்டின இடத்தைக் காட்டினன். அதைத் திரும்பியும் பாக்கேல்லை. 'கொழும்புச் சப்ளையர் அனுப்பினதைத்தான் நாங்கள் விக்கிறம். வைச்சிட்டுப் போங்கோ, அனுப்பிப் பாப்பம்.' வைச்சிட்டு வந்திருந்தா அதுகும் போயிருக்கும், தூக்கிக்கொண்டு வந்திட்டன். கடைசியா வாட்ஸ்அப்பில படம் எல்லாம் அனுப்பினன். ரெண்டு நீலச் சரி விழுந்துது. மறுமொழி இல்லை. அண்டைக்குப் பின்னேரமே அதே முகநூல் பக்கத்தில 'புதிய காஸ் சொக் வந்துள்ளது' எண்டு படம். அதே கறுப்பு.

உயர்த்தின கெப்புக்கு எந்தச் சொக் சரி எண்டு விரிவா எழுதத்தான் தொடங்கினனான். இப்ப அதுக்குப் பொறுமை இல்லை. அவசரமா சிலது.

அளவு ரேப் கொண்டு போங்கோ. விரிஞ்ச நீளம், அமத்தின நீளம் ரெண்டும் வேணும். வண்டியை ஜக்கில தூக்கி அச்சைத் தொங்கவிட்டு, மேல் பூட்டில இருந்து கீழ்ப் பூட்டு மட்டும் அளவுங்கோ. சொக் விரிஞ்சா அதை விடக் கொஞ்சம் நீளமா இருக்கவேணும். அதுக்காகக் கண்டபடி நீளமும் வேண்டாம், அச்சு மேல போய் முட்டுற பம்ப் ஸ்டொப் றப்பர் நசியிறதுக்கு முதல் சொக் உள்ளுக்கை போய் முட்டினா அதுவும் உடையும்.

தண்டு தானா எழும்புது எண்டு காட்டினா மயங்காதேங்கோ. உள்ள காஸ் அமுக்கம் கிடக்கு எண்டதுக்கு மட்டும்தான் அது அத்தாட்சி. புதுசோ பழசோ, நீளமோ கட்டையோ, ஒண்டும் தெரியாது. தண்டில நகத்தை வச்சு இழுத்துப் பாருங்கோ, குழி இருந்தா தடக்கும், கண்ணின்ர வெல்டைப் பாருங்கோ, பெயின்ற் ஸ்டிக்கரின்ர ஓரத்தில ஏறியிருக்கோ எண்டு பாருங்கோ.

'காஸ்' எண்ட சொல்லை மட்டும் நம்பி வாங்கவேண்டாம். கேவைபி (KYB) எண்ட ஜப்பான் கொம்பனியில எக்செல்-ஜி எண்டதும் காஸ்தான், அது இரட்டைக் குழாய். காஸ்-ஏ-ஜஸ்ட் எண்டதும் காஸ்தான், அது ஒற்றைக் குழாய், இன்னும் இறுக்கம். ரெண்டும் ஒண்டில்லை. பார்ட் நம்பரைக் கேட்டு, கடையை விட்டு வெளிய வந்து போனில தேடிப் பாத்திட்டுக் காசைக் குடுங்கோ. அந்த நம்பரும் வாறன்ரியும் பில்லில எழுத்தில இருக்கவேணும். பழசை விட்டிட்டு வராதேங்கோ.

வேற என்னத்தை எழுத. ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரம். மீன் வித்த காசு.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 எண்ட இலக்கத்தில முறைப்பாடு குடுக்கலாம். நான் குடுக்கிறன். 'சொக் 4', 'சொக் 2' எண்டு மொட்டையா எழுதின பில்லோட வேற ஆரும் இருந்தா, பில்லையும் சொக்கையும் எறியாமல் வச்சிருங்கோ, எனக்கு ஒருக்கா இன்பொக்ஸில அறிவியுங்கோ. நாலைஞ்சு பேரா ஒண்டாப் போய்க் குடுப்பம்.