ஐசோஃபிக்ஸ் இல்லாத பழைய ஸ்விஃப்டில் குழந்தை சீட்

எங்களுடையது 2010 மாடல் ஸ்விஃப்ட், ஐசோஃபிக்ஸ் (குழந்தை சீட்டை நேராகப் பூட்டுவதற்கு வண்டியிலேயே இருக்கிற கம்பி வளையங்கள்) கிடையாது, அதனால் வண்டி பெல்ட்டிலேயே மாட்டுகிற, 0 முதல் 18 கிலோ வரைக்குமான சீட்டாகத் தேடி வாங்கினோம். ஆரஞ்சு நிற ஈசிஇ ஆர்44 (குழந்தை சீட்டுக்கான பாதுகாப்புத் தரம்) அல்லது அதற்குப் பின் வந்த ஆர்129 ஸ்டிக்கர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், அது இல்லாத சீட் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். பெல்ட் போகிற வழியை நிறத்தால் காட்டியிருக்கிறார்கள்: குழந்தை பின்பக்கம் பார்த்து உட்கார நீலம், முன்பக்கம் பார்க்க சிவப்பு. இது பெரிய உதவி.

கஷ்டம் இறுக்குவதில்தான். சீட்டுக்குள் முழங்காலை ஊன்றி, உடல் எடை முழுவதையும் போட்டு அழுத்திக்கொண்டே தோள் பெல்ட்டை இழுக்க வேண்டும். அப்புறம் பெல்ட் நுழைகிற இடத்தில் பிடித்து ஆட்டினால் 2.5 செ.மீ.க்கு மேல் அசையக் கூடாது. பின்பக்கம் பார்த்து மாட்டும்போது பெல்ட் நிறைய இழுக்கும், பழைய வண்டிகளில் நீளம் போதாமல் போகலாம், ஆகவே வண்டியைக் கடைக்கே கொண்டுபோய் மாட்டிப் பார்த்து வாங்குங்கள். பின்சீட்டின் நடுவில் இடுப்பு பெல்ட் மட்டும் இருந்தால் இந்த சீட்டை அங்கே மாட்டக் கூடாது, ஓரத்தில்தான். கையேட்டில் படங்கள் ரொம்பப் பொடி. துணி உறை வெயிலில் கொதிக்கிறது, ஆனால் கழற்றித் துவைக்கலாம்.